பானுமதியின் வயிற்றுச் சளி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் பானுமதிக்குச் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகமும் உண்டு. பட்டறையில் யாராவது நெற்றியைப் பிடித்தால் போதும், அவள் கைப்பையிலிருந்து வலி மாத்திரை அட்டை வெளியே வந்துவிடும். 'மெடிக்கல் பானு' என்றே பெயராகிவிட்டது.

தாழ்வான மேசை முன் நாளெல்லாம் குனிந்து நிற்பதால் அவளுக்கும் ஓயாத கழுத்து வலி. காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் டீயோடு வலி மாத்திரையை விழுங்குவாள். வயிறு எரிந்தால் அதற்கு இன்னொரு டீ.

கொலு ஆர்டர் நெருக்கிய ஆடி மாதத்தில் ஒருநாள் வேலையின் நடுவே தலை சுற்றியது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். காப்பித்தூள் கரைத்ததுபோல் கறுப்பாக வந்தது.

பக்கத்து மேசை சுல்தானா பதறிப்போனாள். "பானுக்கா, நீங்க இன்னிக்கு காப்பியே குடிக்கலியே!"

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் வெண்பா, திரையில் ரத்தம் கசிந்து கறுத்திருந்த இரண்டு புண்களைக் காட்டினார்.

"வயித்துல சுரக்கற அமிலம் வயித்தையே அரிக்காம இருக்க, உள்சுவர் மேல சளி ஒரு போர்வையாட்டம் படிஞ்சிருக்கும்மா. உங்களுக்கு அது..."

"சளியா? ஒரு இருமல்கூட இல்லீங்களே! தூதுவளைக் கசாயம் குடிச்சுக் கரைச்சிடட்டுங்களா?"

"ஐயையோ! அதக் கரைச்சிட்டுத்தாம்மா வந்து படுத்திருக்கீங்க!" டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நெஞ்சுச் சளி வேற. இது இருந்தே ஆகணும். தெனம் வலி மாத்திரை போட்டா இது ஊறுறதே கொறஞ்சிடும். அத நிறுத்துங்க. நான் குடுக்கற மருந்தோட வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. புண்ணு ஆறிடும், படலமும் தானா ஊறிக்கும்."

புருஷன் நடராசன் கொண்டுவந்த கஞ்சி அவளுக்கு இறங்கவில்லை. தன் புண்ணைவிட, தன்னிடம் மாத்திரை வாங்கியவர்களின் முகங்கள்தான் உறுத்தின. சுல்தானாவுக்கு போன் போட்டாள்.

"ஏண்டி, உனக்கு வயிறு எரியுதா?"

"எனக்கென்னக்கா? நீங்க குடுத்தத நாங்க எல்லாருமே ஜன்னலுக்கு வெளிய போட்டுடுவோம். வாங்காட்டி நீங்க வுட மாட்டீங்கல்ல!"

பானுமதிக்குக் கோபம் வந்தது. பிறகு நிம்மதி வந்தது. கஞ்சியும் இறங்கியது.

புண் ஆறி வேலைக்குத் திரும்பியபோது கழுத்து மறுபடி முறுக்கியது. இந்த முறை அவள் நேரே முதலாளி மாணிக்கவேலிடம் போனாள்.

"மேசைய ஒசத்திக் குடுங்கண்ணே. இல்லன்னா தரையில படுத்துக்கிட்டுத்தான் கண்ணு எழுதுவேன்."

அவர் முனகிக்கொண்டே எல்லா மேசைக் கால்களுக்கும் செங்கல் கொடுத்தார். பானுமதியின் கழுத்து நிமிர்ந்தது. குள்ளமான சுல்தானாவுக்குத்தான் மேசை தாடையில் இடித்தது.

"ஒங்க வயிறு சரியாப்போச்சு," என்றாள் அவள். "இப்ப எனக்கு நிக்க ரெண்டு செங்கல்லு வாங்கிக் குடுங்க!"