வானிலைக் கட்டத்தில் இருந்த தலைவலி

நரம்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கே என்னிடம் பதில் தயாராக இருந்தது. "எந்த நாள் ஆரம்பிச்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"கார்த்திகை இரண்டாம் வியாழன், காலை ஒன்பதே கால்" என்றேன். உப்பு கம்பெனி ஆபீசில் எடைச்சீட்டு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. அன்று தொடங்கிய வலி பதினான்கு மாதமாக ஒரு நாள்கூட முழுதாக விடவில்லை.

மருத்துவர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். தினமும் இருக்கும் தலைவலி எல்லாம் ஒன்றல்ல என்றார். சிலருக்கு மைக்ரேன் அவ்வப்போது வந்து, வருடக்கணக்கில் நெருங்கி, தினசரியாகிவிடும். சிலருக்கு முன்பின் இல்லாமல் ஒரே நாளில் வந்து நின்றுவிடும். அவர்கள்தான் தேதியை இப்படித் துல்லியமாகச் சொல்வார்கள். அந்த இரண்டாவது வகைக்கு மருந்து லேசில் பிடிபடுவதில்லை.

"அதுக்கு முன்னால தலைவலி வந்ததே இல்லையா?"

"இல்லை. ஒன்பது வருடமாக டைரி எழுதுகிறேன். உடல்நிலைக்குத் தனிக் கட்டம் உண்டு. அதில் இல்லை."

"எதுக்கும் அந்த டைரிகள ஒரு தடவை பாத்துட்டு வாங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

பார்ப்பதற்குத்தான் எனக்கு வழியில்லை. இரண்டு வரி படித்தால் எழுத்து நெளிந்தது. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம். பதினான்கு மாதமாக ஒன்றையும் முடிக்கவில்லை. காலையில் ஒரு வலி மாத்திரை, மதியம் ஒன்று என்று விழுங்கி ஆபீஸ் போய்வந்தேன். லேசில் பிடிபடாது என்ற சொல் மட்டும் தலைக்குள் நின்றது. துறைமுகச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, இனி படிக்கவே போவதில்லை என்று முடிவுகட்டி, புத்தகங்களை எந்த நூலகத்துக்குக் கொடுப்பது என்று யோசிக்கவும் தொடங்கிவிட்டேன்.

டைரிகளை மனைவிதான் வாசித்தாள். சாத்தான்குளத்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர். உடல்நிலைக் கட்டத்தோடு நிற்காமல் பக்கம் முழுவதையும் வாசித்தாள்.

"இதைக் கேளுங்க. 'வெயில் கடுமை. இடது நெற்றி தெறித்தது. இரண்டு முறை வாந்தி. ஜன்னலை அடைத்துப் படுத்தேன்.' எங்க எழுதியிருக்கிய தெரியுமா? வானிலைக் கட்டத்துல."

"அது உப்பளத்துல எல்லாருக்கும் உள்ளதுதாம்ளா."

"எல்லாருமா ஜன்னல அடச்சிட்டு படுக்காவ? வெயில்னு எழுதிட்டா தலவலி இல்லன்னு ஆயிருமோ?"

உப்பளத்தில் அது நோயே அல்ல. பாத்தியின் வெள்ளை கண்ணில் அடித்தால் மண்டை இடிக்கும். பெண்கள் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உப்பு வாருவார்கள். நானும் அப்படியே பழகியிருந்தேன். அவள் மாதவாரியாக எண்ணினாள். முதல் டைரியில் மாதம் இரண்டு, மூன்று. அந்த வியாழனுக்கு முந்தைய மாதங்களில் பன்னிரண்டு, பதிமூன்று.

"அந்த வியாழக்கிழம மழ. பழி போட வெயில் இல்ல. அதான் மொதத் தடவையா தலவலின்னு எழுதியிருக்கிய."

மருத்துவர் அவள் போட்ட கணக்கை நெடுநேரம் பார்த்தார். வலி பக்கம் மாறுமா, அந்தப் பக்கத்துக் கண்ணில் மட்டும் நீர் வடியுமா என்று கேட்டார். பக்கம் மாறும், நீர் வடியாது என்றேன். "இது பழைய மைக்ரேன்தான், வளந்து நிக்குது. தினமும் போட்ட மாத்திரையும் அதை வளத்திருக்கு." தடுப்பு மருந்து எழுதினார். வலி மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். முதலில் இன்னும் மோசமாகும் என்று எச்சரித்தார்.

மோசமானது. மூன்றாம் நாள் குக்கர் விசிலுக்கு அழுதேன். ஆறாம் நாள், அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தேன்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு."

"டீச்சர் வந்து சொல்லிட்டுப் போயிருக்காவ. ஒங்களுக்குக் கொடுத்தா எனக்கு இம்போசிஷனாம்."

"அண்ணாச்சி."

"சோடா வேணா தாரேன். குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

அடுத்த தெரு மருந்துக்கடையில் என்னைத் தெரியாது. அங்கே வாங்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன்.

மாலையில் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. செருப்பைக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்து, அந்தக் கடை எது என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழுந்து போனாள்.

மறுநாளை மறுபடியும் முதல் நாளாக எண்ணினோம்.