ஃபேமிலி அடுத்த மாசம் வருது

திருப்பதியில் எனக்கு வேலை ஒரே நாளில் கிடைத்தது. கும்பகோணத்திலிருந்து ரயிலேறிப் போய் ஒரு தனியார் மருத்துவமனையில் டெக்னீஷியன் வேலைக்கு எக்ஸ்ரே எடுத்துக் காட்டினேன். மறுநாளே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். வீடுதான் கிடைக்கவில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த அறையில் மூன்று வாரம் தங்கிக்கொள்ளலாம், அதற்குள் நடந்து வரும் தூரத்தில் வீடு பார்த்துவிட வேண்டும். கூப்பிட்ட நேரத்துக்கு வர முடியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உள்ளூர் ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

டு-லெட் பலகை தொங்கிய வீடு ஒன்றையும் நான் விடவில்லை. கேட்டைத் திறந்ததும் முதல் கேள்வி, "ஃபேமிலியா?" இல்லை என்றால் உடனே, "பேச்சிலர்ஸ்கு இவ்வமு." பேச்சிலருக்குத் தர மாட்டோம் என்று அர்த்தம். நான் தெலுங்கில் கற்ற முதல் வாக்கியமே அதுதான். எனக்கு வந்ததே கோபம்! இருபத்தேழு வயதில் கல்யாணம் ஆகாமல் இருப்பது என்ன கொலைக் குற்றமா?

பத்தொன்பதாம் நாள், மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. கீழே இருந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். திருமலைக்குப் பஸ் ஓட்டிய கணவர் இறந்து நான்கு வருடம், பிள்ளைகள் இல்லை. என் தெலுங்கைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "ஃபேமிலியா நைனா?"

அந்தப் பக்கத்தில் அப்பாவை நைனா என்பார்கள். பாசம் வந்தால் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்காவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஃபேமிலி அடுத்த மாசம் வருதுக்கா" என்றேன்.

"அப்பாடா! பேசிக்கினு இருக்க ஒரு தமிழ்ப் பொண்ணு கெடச்சிது" என்று சாவியைக் கையில் கொடுத்தார். அன்று சாயங்காலமே மாடிக்கு வந்து, சமையலறை அலமாரியில் அவளுக்கென்று மஞ்சள் கிழங்கும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனார்.

அக்காவிடம் ஒரே ஒரு கர்வம் உண்டு, அது அவர் கூந்தல். இடுப்புக்குக் கீழே தொங்கும். தேடினாலும் நரை பத்து தேறாது. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு மாடி வெயிலில் உலர்த்துவார். "இந்தத் தெருவுல எவளுக்கு கீது இப்படி, சொல்லு பாப்போம்?" என்று என்னிடமே கேட்பார். நான் யாரைக் கண்டேன்! ஆனாலும் யாருக்கும் இல்லை என்பேன்.

அடுத்த மாதம் போய் அதற்கடுத்ததும் வந்தது. "இன்னா நைனா, ஆளையே காணோம்?"

மாமனார் வீட்டோடு சண்டை என்று சொல்லியிருக்கலாம். புத்தி அப்படிப் போகவில்லை. "முழுகாம இருக்காக்கா. டாக்டர் பயணம் கூடாதுன்னுட்டார்" என்று வாய் சொல்லிவிட்டது. அதன் பிறகு தினமும் விசாரணைதான். மருத்துவமனையில் என் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறை ஸ்கேன் அறை. அங்கே காதில் விழுந்ததையெல்லாம் இங்கே கொட்டினேன். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் போகலாம், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது. இல்லாத பெண்ணுக்கு அவ்வளவு நோய் கொடுத்தேன், படுபாவி. அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டபோது ரோகிணி என்றேன். அது என் தங்கையின் நட்சத்திரம்.

வெள்ளிக்கிழமைதோறும் என் வாசற்படியில் காகிதத்தில் மடித்த குங்குமம் இருக்கும். தூக்கிப் போட மனம் வராமல் அலமாரியில் அடுக்கினேன். ஒவ்வொரு வாரமும் இன்று சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். சொன்னால் வீடு போகும், வீடு போனால் வேலை போகும். அந்தக் கணக்கில் சொல்லாமலே நான்கு மாதம் ஓடியது.

ஒருநாள் கீழ் வீடு பூட்டியிருந்தது. மறுநாள் மத்தியானம் நான் டூட்டி முடிந்து வந்தபோது, அக்கா தெருமுனையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நின்று பேசிச் சிரித்துவிட்டு வந்தார். தலையில் ஒரு மயிர் இல்லை. முழு மொட்டை, மேலே சந்தனம்.

"மலைக்குப் படியேறியே போனேன் நைனா. முட்டி செத்துப்போச்சி" என்று ஒரு லட்டை எடுத்து என் கையில் வைத்தார். "உம் பொண்டாட்டிக்கு இனிமே ஒண்ணும் ஆவாது. எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தப்ப சாமிக்கு மூணு கத்திரி முடிதான் குட்த்தேன். பொம்பளைக்கு அதுவே போதும்னாங்க, நானும் முடி மேல ஆச வெச்சிக்கினு சரின்னுட்டேன். அவரு வூட்டுக்குத் திரும்பல. இந்தத் தடவ முழுசா குட்த்துட்டேன். நீ துன்னு."

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் என் முதுகைத் தடவி, "அந்தப் பொண்ணு நல்லா இருப்பா, அழாத" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"பொண்ணே இல்லக்கா. எனக்குக் கல்யாணமே ஆகல. வீட்டுக்காகச் சொன்னேன்."

முதுகில் இருந்த கை அப்படியே நின்றது. திட்டுவார், சாமானைத் தெருவில் எறிவார் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ எம் முடி யாருக்குப் போச்சி?"

தெருமுனையிலிருந்து வெறுந்தலையோடு அவ்வளவு பெருமையாக நடந்து வந்தவர், முந்தானையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சொன்னது என் நெஞ்சு ஆறத்தான். அவர் நெஞ்சு என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? சொல்லாமலே நான் வெந்து செத்திருக்கலாம்.

அக்கா என்னைக் காலி செய்யச் சொல்லவில்லை. வெட்கம்கெட்டு இன்னும் ஒன்றரை வருடம் அதே மாடியில் இருந்தேன். தண்ணீர் வந்தால் கூப்பிட்டுச் சொல்வார், தபால் வந்தால் எடுத்து வைப்பார். "சார், தண்ணி வந்திருக்கு." "சார், உங்களுக்கு லெட்டர்." அதற்கப்புறம் ஒரு நாளும் என்னை நைனா என்று கூப்பிடவில்லை.