மூன்றாம் மாடித் தளம்

கட்டட வேலையில் அவளுக்கு ஒரே பொறுப்பு: புதிதாகப் போட்ட தளம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. ஈரச் சாக்கை விரிப்பாள். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கி, பத்து நாள் காவல் இருப்பாள். எல்லோருக்கும் அவள் 'தண்ணியக்கா'.

இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு நாள். மூன்றாம் மாடிக்கு மேல்தளம் போட்டு முடித்திருந்தார்கள். வெயிலோடு அனல்காற்றும் சேர்ந்துகொண்டது. மகள் அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதம். சாக்கை விரித்துவிட்டுப் படிக்கட்டு நிழலில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்து மேலே ஏறினால், சாக்கெல்லாம் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது. தளம் வெளுத்து, தலைமுடி உதிர்ந்து கிடப்பதுபோல் எங்கும் வெடிப்பு. குனிந்தபோது, பொரிவதுபோல் மெல்லிய சத்தம் கேட்டது அவளுக்கு.

மேஸ்திரி வந்து பார்த்தார்.

"தூங்கிட்டியா? சரி, விடு. சிமெண்ட் பாலை ஊத்தித் தேச்சிரு. யாரு பாக்கப் போறா?"

அவளே தேய்த்தாள். இன்ஜினியர் வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப்பின் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் பார்வை மேலேதான் போகும். "விருந்துக்குக் கூப்பிட்டா இலையைப் பாக்காம கூரையைப் பாக்குறவ நீ ஒருத்திதான்" என்று அவள் கணவர் சிரிப்பார். அவரிடமும் சொன்னதில்லை.

போன கோடையில் மகளும் மருமகனும் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். மகள் சொன்ன விலாசத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அதே கட்டடம். அதே மூன்றாம் மாடி.

போய்ப் பார்த்தாள். கட்டிலுக்கு நேர் மேலே பழுப்பாக ஒரு கறை.

"பழைய வீடுன்னா அப்படித்தாம்மா இருக்கும். வெள்ளையடிச்சா போயிரும்" என்றாள் மகள்.

ஜன்னல் காற்றில் படபடத்தது. அந்தப் பொரியும் சத்தம் அவளுக்கு மறுபடி கேட்டது. மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று முறை வந்து, மூன்று முறையும் சொல்லாமல் திரும்பினாள். நான்காவது முறை மருமகனிடம் சொன்னாள்.

"கட்டிலை வெளிய போடுங்க, மாப்பிள்ளை. இந்தத் தளத்துக்குத் தண்ணி விட வேண்டியவ நான். தூங்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. கம்பால் கூரையைத் தட்டினார். உள்ளே வெற்றாக இருப்பதுபோல் டொப் டொப்பென்று கேட்டது. கட்டிலை அப்போதே நகர்த்தினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் சமையலறையில் இருந்தபோது, கதவுப் பலகை அளவுக்குக் காரை பெயர்ந்து வெறும் தரையில் விழுந்தது. மேலே துருவேறி உப்பிய கம்பி தெரிந்தது. மகள் கம்பியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

அவள் துடைப்பத்தை எடுத்துக் காரையைக் கூட்டத் தொடங்கினாள்.

வீட்டுச் சொந்தக்காரர் துருவைச் சுரண்டி, புதுக் கலவை வைத்து, மொட்டைமாடியில் நீர் இறங்காதபடி ஒரு பூச்சும் போட்டார். பத்து நாளும் அவள் யாரும் கூப்பிடாமலேயே வந்து தண்ணீர் விட்டாள்.

மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மா வந்தால் சமையலறையோடு சரி. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அம்மாவிடமிருந்து போன் வரும்.

"எங்கடி இருக்க?"

"சமையக்கட்டுலதாம்மா" என்பாள் மகள், சில நாள் காரை விழுந்த அந்த அறையில் படுத்துக்கொண்டே.