கடிப்பவர்கள் எல்லாரும் சிறப்பு விருந்தினர்கள்

செல்லப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் அந்தச் சின்ன கிளினிக்கின் வாசல் மேசையில் இருப்பவளைச் சங்கிலி அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நகையால் வந்த பெயரில்லை. கையில் எதுவும் இல்லாமல் நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்காக, இரண்டு நாய்ச்சங்கிலிகளை எப்போதும் கழுத்தில் மாட்டியிருப்பாள். ஒருமுறை மறதியில் அவற்றோடே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். இந்த டிசைன் எங்கே கிடைக்கும் என்று மாப்பிள்ளையின் அத்தை விசாரித்தாள்.

அக்காவுக்கு மிருகங்கள் மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறிவிடுவாள். ஆனால் எது கடிக்கும், எது சும்மா பாவனை காட்டும் என்பது வாசலில் நுழையும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். டாக்டருக்கு அந்த ஞானம் கொஞ்சமும் இல்லை. "என்னடா ராஜா, வாயைக் காட்டு" என்று கொஞ்சிக்கொண்டே விரலை உள்ளே விடுவார். பேக்கரிக்காரரின் கிளி அந்த விரலைக் கவ்விய அன்று, கையை உதறிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு கடி. அப்புறம் இதை இழுத்துப் பூட்டிட்டு என் மச்சானோட டைல்ஸ் கடைக்குப் போயிடுவேன். டைல்ஸ் கடிக்காது."

மச்சானோ உடனே புது நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். கிளினிக்கைப் பூட்டினால் அக்கா வீட்டில்தான் உட்கார வேண்டும். வீட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் புல்லாங்குழல் கற்றுக்கொண்டிருந்தார்.

பயந்துபோன அக்கா, கிளினிக்குக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்த குட்டிக் கம்பெனிக்கு போன் போட்டாள். அங்கே இருந்ததே இரண்டு பேர். எடுத்தவன் அவளுக்குத் தம்பி மாதிரி.

"தம்பி, கடிக்கிறதுங்களுக்கு ஏதாவது ஒரு அடையாளம் வேணும்பா."

"சாயங்காலத்துக்குள்ள போட்டுடறேன்கா."

போட்டுவிட்டான். கடிக்கும் பேர்வழிகள் பெயர் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரக்காரர்களை ஒருவரையொருவர் பார்க்காதபடி தள்ளித் தள்ளி வரச்சொல்லுவாள் அக்கா. ஒவ்வொருவர் வரும்போதும் "டாக்டர், கையுறை!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அதற்கப்புறம் ஒரு கடிகூட இல்லை. மச்சானின் நாற்காலியில் தூசி படிந்தது.

இந்த நிம்மதியில்தான் ஒரு நாள் கம்ப்யூட்டரில் பூங்கொத்துப் படத்தோடு ஒரு செய்தி வந்தது. குட்டிக் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கிவிட்டதாம். வாடிக்கையாளர்களுக்கு எதுவும் மாறாதாம்.

"கேக்காமலே வந்து சொல்றாங்கன்னா என்னமோ இருக்கு" என்று அக்கா முணுமுணுத்தாள்.

இருந்தது. பெரிய கம்பெனிக்கு ஹோட்டல்களுக்கு சாஃப்ட்வேர் செய்வதே தொழில். மறுநாளே கிளினிக்கின் கூண்டுகளெல்லாம் 'தோட்டம் பார்த்த அறை' ஆகிவிட்டன. ஆபரேஷன் முடிந்த பூனைக்குக் காலைச் சிற்றுண்டி உண்டா என்று திரை கேட்டது. அக்கா உதவி எண்ணைக் கூப்பிட்டாள். புதுக் குரல் ஒன்று தேனாக வழிந்தது.

"உங்க ஹோட்டல்ல எத்தனை ரூம் மேடம்?"

"ஹோட்டல் இல்லப்பா. நாய், பூனைக்கு ஆஸ்பத்திரி."

"ஓ, செல்லப் பிராணிகளையும் தங்க வைப்பீங்களா! ரொம்ப சந்தோஷம் மேடம்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பேக்கரிக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு, கிளிக்கூண்டோடு வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை.

"எங்க பொண்ணு உங்களுக்கு சிறப்பு விருந்தினராமே!" என்று போனைக் காட்டினார். 'மதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினரே, சனிக்கிழமை பத்து மணிக்குத் தங்களை வரவேற்கிறோம்.'

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். ஹோட்டல்காரர்கள் கணக்கில் சிவப்பு நட்சத்திரம் என்றால் சிறப்பு விருந்தினர். அப்படியானால் ஊரில் கடிக்கிறதெல்லாம் இப்போது இங்கேதான் வந்துகொண்டிருக்கிறது. பின்னாலேயே வக்கீலின் கறுப்பு நாய் நுழைந்தது. கணக்கு வாத்தியாரின் பூனை, யாருடையதென்றே தெரியாத ஒரு கீரி. கழுத்துச் சங்கிலி இரண்டும் போதவில்லை. தம்பியின் சொந்த எண்ணுக்கே போன் போட்டாள்.

"ஐயோ அக்கா, இப்ப நான் அவங்க கம்பெனில. முறைப்படி புகார் எழுதுங்க. திங்கக்கிழமை பாத்துடலாம்."

"திங்கக்கிழமைக்குள்ள டாக்டர் டைல்ஸ் விப்பாருடா!"

அதற்குள் டாக்டர் வெறுங்கையோடு வெளியே வந்துவிட்டார். அக்கா கையுறையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள், "என்னடா ராஜா" என்று கறுப்பு நாயின் வாய்க்குள் விரலை விட்டார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காதில் புல்லாங்குழல் கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். வாயைப் பிளந்தபடி நாய் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தது. பூனையின் பார்வை கீரி மேல், கீரியின் பார்வை கிளி மேல். கிளி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்து வாயே திறக்கவில்லை. மற்றவன் என்ன செய்வானோ என்ற கவலையில் டாக்டரைக் கடிக்க ஒருவருக்கும் நேரமில்லை.

எல்லாருக்கும் ஊசி போட்டு முடித்த டாக்டர் மச்சானுக்கு போன் போட்டார். "அந்த நாற்காலிய யாருக்காவது கொடுத்துடுங்க மச்சான். இவ்வளவு மரியாதையான நோயாளிங்கள நான் பாத்ததே இல்ல."

திங்கட்கிழமை தம்பி கூப்பிட்டான். "அக்கா, சரி பண்ணியாச்சு. இனிமே அப்படி மொத்தமா வரமாட்டாங்க."

"உன்ன யாருடா சரி பண்ணச் சொன்னது? பழையபடி கெடுத்து வை!"

"சரியானதைக் கெடுக்கணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும்கா."

வேறு வழி? இப்போதெல்லாம் அக்காவே தன் போனிலிருந்து நட்சத்திரக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்துக்கு அழைப்பு அனுப்புகிறாள்.

போன வாரம் வெள்ளை நாய்க்குட்டிக்கார அம்மா மேசை முன்னால் வந்து நின்றாள். "எத்தனை வருஷமா வர்றோம். எங்க பையன் மட்டும் ஏன் சிறப்பு விருந்தினர் இல்ல?"

"அதுக்குக் கடிக்கணும்மா."

அந்த அம்மா குனிந்து, பையனின் உதட்டைத் தூக்கி, பல்லை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

"பழக்கிட்டு வர்றோம்" என்றாள்.

அக்கா எட்டிக் கையுறையை எடுத்து வைத்துக்கொண்டாள்.