கடிதம் வரும்வரை தொடங்காதேங்கோ

பின்சந்தில், யாரோ ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்து நெரிப்பது போல ஒரு சத்தம். ஒருமுறை கத்தி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் கத்தியது. குசினியில் அடுப்படி விளக்கை அணைத்துவிட்டு, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். பக்கத்து வீடுகளில் ஒரு விளக்கும் எரியவில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் விடிய வேலைக்குப் போகிற ஆட்கள்; வெளியே கொலை விழுந்தாலும் அலாரம் அடித்தால்தான் எழும்புவார்கள். என் கணவருக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. எங்கள் பின்கதவோ சாத்தினால் சாத்துப்படும், பூட்டினால் பூட்டுப்படாது.

விடிந்ததும் நான் போகிற வேலை, விவசாயிகளைத் தொலைபேசியில் காக்கவைக்கிற வேலை. பண்ணைக்குப் புது இயந்திரம் வாங்குகிறவர்கள், தண்ணீரைச் சேமிக்கிறவர்கள், உரத்தைக் குறைத்து மண்ணைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் எல்லோருக்கும் அரசாங்கம் செலவில் ஒரு பங்கைத் தருகிறது. அதைப் பற்றிக் கேட்க அவர்கள் அழைத்தால், லண்டன் நடுவில் ஒரு மாடியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருக்கிற நாங்கள் பதில் சொல்வோம். எங்களில் ஒருத்தருக்கும் சப்பாத்தில் சேறு பட்டது கிடையாது. கவுன்சிலுக்கோ காஸ் கம்பனிக்கோ போன் எடுத்து, அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது சூடாகிப்போன வாசகர்களே, பாட்டு முடிந்ததும் வருகிற அந்தக் குரல் என்னுடையது. திட்டாதேங்கோ. நானும் வீட்டுக்கு வந்தால் அதே பாட்டைக் கேட்கிற ஆள்தான்.

அழைக்கிறவர்கள் பேசுவது ஆங்கிலம். நித்திரை இல்லாத என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

மாடுகளுக்குச் சொல்லு

எங்கள் வேலைக்கு ஒரே ஒரு வேதவாக்கு உண்டு. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை வேலையைத் தொடங்கக்கூடாது. ஒரு மண்வெட்டி மண் எடுத்திருந்தாலும் மானியம் இல்லை. உதவி இல்லாமலே தொடங்கக்கூடியவனுக்கு உதவி எதற்கு என்பது மேலிடத்தின் நியாயம். எனக்கு இது புதிதல்ல. நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் கையைத் தூக்கவேண்டும். சிஸ்டர் தலையாட்டும்வரை தூக்கிய கையை இறக்கக்கூடாது. தோள் நோகிறதென்று இறக்கினால், தாகம் இல்லை என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெவனிலிருந்து ஒரு மாட்டுப்பண்ணைக்காரர் அழைத்தார். சாணித் தண்ணீர் சேர்த்துவைக்கிற தொட்டிக்கு ஒரு மூடி போடவேண்டும், மழை அதற்குள் விழுந்து நிரம்புகிறது, வழிந்தால் ஆற்றுக்குப் போய்விடும் என்றார். நான் பணிவாக, "சேர், அந்தச் சாணித் தண்ணீரைக் கொஞ்ச நாளைக்கு உற்பத்தி செய்யாமல் நிறுத்திவைக்க ஏலுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் யாரையோ கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மெல்லக் கேட்டார்: "பிள்ளை, இப்ப கேட்டதை இன்னொருக்கால் சொல்லு. மாடுகளைக் கூப்பிட்டிருக்கிறன், அதுகளும் கேக்கட்டும்."

சும்மா இருக்கிற வேலை

நோர்ஃபோக்கில் ஒருவர் மானியத்தில், வானத்திலிருந்து செய்மதி வழிகாட்ட ஓடுகிற டிராக்டர் சாமான் பூட்டியிருந்தார். அது தானாகவே நேர்கோட்டில் போகும். ஒரே இடத்தில் இரண்டு தரம் மருந்து விழாது, டீசலும் மிச்சம். ஏதாவது குறை இருக்கிறதா என்று நான்தான் அழைத்துக் கேட்கவேண்டும். குறை ஒன்றும் இல்லை என்றார். பிறகும் போனை வைக்கவில்லை. முன்பெல்லாம் பின்னேரம் தோள் உளைய வீட்டுக்கு வருவாராம். மனைவி தேத்தண்ணி போட்டுக் கையில் கொடுப்பாராம். இப்போது உளைவு இல்லை, தேத்தண்ணி மட்டும் நிற்காமல் வருகிறதாம். இரவு முழுக்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யன்னலடியில் நின்ற என் தோளை நான் தடவிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த ஸ்டியரிங் தன்பாட்டிலை திரும்புறதை மனுசிக்குச் சொல்லிப்போடாதை, நான் இன்னும் நோகுதெண்டுதான் சொல்லிக்கொண்டு திரியிறன்."

ஒற்றைச் சப்பாத்து

எங்கள் வீட்டு முன்வாசல் மேல்மாடிக் குடும்பத்துக்கும் பொது. அதனால் நாங்கள் பின்பக்கமாகத்தான் போய் வருவோம், சப்பாத்துகளைப் பின்கதவடியில் வெளியே கழற்றிவைப்போம். வீட்டுக்குள் சப்பாத்தோடு ஏற எங்களுக்கு மனம் வராது, உங்களுக்கும் வராது. அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிய கிழமை, மகளின் சப்பாத்தில் ஒன்று காணாமல் போனது. பிறகு என் ஒபிஸ் சப்பாத்தில் ஒன்று. சோடியாகப் போயிருந்தால் கள்ளன் என்று பேசாமல் இருந்திருப்பேன். ஒன்றை மட்டும் எடுக்கிறவன் எதற்கு எடுக்கிறான்? நான் இங்கே வந்துபோகிறேன் என்று எனக்குக் காட்டத்தானே? கணவர் சிரித்தார். பகலில் நித்திரை கொள்கிற மனுசனுக்கு இரவுப் பயம் விளங்காது.

ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவந்தேன். "வீட்டுக்காரரைக் கேக்காமல் கதவிலை ஓட்டை போடாதையும், பிறகு வீட்டாலை எழும்பச் சொல்லிப்போடுவார்" என்றார் கணவர். அதுவும் சரிதான். வீட்டுக்கார அண்ணை குட்மேய்ஸில் இருக்கிறார். நல்ல மனுசன், ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் அவருக்கு. தாழ்ப்பாளைக் குசினி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன். காலை முதல் விவசாயிகளுக்கு நான் சொல்லிவந்ததையே, அவர் என்னைவிடப் பணிவாக எனக்குச் சொன்னார்: "ஓம் தங்கச்சி, விளங்குது. நான் லெட்டர் போட்டுவிடுறன், அது வரும்வரைக்கும் கதவிலை கை வைக்காதேங்கோ."

படத்தில் தேங்காய்

சிவபாதம் அண்ணை என்று ஒருவர். பாரிசில் உணவகம் நடத்திவிட்டு இங்கே வந்து, எசெக்ஸில் நிலம் எடுத்து, பொலித்தீன் கூடாரங்களுக்குள் வெண்டிக்காயும் கீரையும் போடுகிறார். ஈஸ்ட் ஹாம் கடைகளில் நான் வாங்குகிற கீரைக்கட்டு அவருடையதாகத்தான் இருக்கவேண்டும். கூரைகளில் விழுகிற மழையைப் பிடித்துவைக்க ஒரு பெரிய தண்ணீர்த் தாங்கி, அதிலிருந்து செடியடிக்குப் போகிற சொட்டு நீர்க் குழாய், இரண்டுக்கும் மானியம் கேட்டிருந்தார். நான் "ப்ளீஸ்" சொன்ன விதத்திலேயே கண்டுபிடித்து, "பிள்ளை யாழ்ப்பாணமோ?" என்று ஆரம்பித்தவர். அன்றுமுதல் வேறு யாரோடும் பேசமாட்டார். நானும் ஒவ்வொருமுறையும் வேதவாக்கைச் சொல்லுவேன். "ஓம் ஓம்" என்பார்.

ஒருநாள் அவரே சந்தோஷமாகப் படங்கள் அனுப்பிவைத்தார். தாங்கி வைக்கிற இடத்தில் வெட்டிய கிடங்கு. அதன் நாலு மூலையிலும் மாவிலை, நடுவில் உடைத்த தேங்காய், கற்பூரம், குளிர் அங்கியின் மேல் சால்வை கட்டிய சிவபாதம் அண்ணை. என் மேற்பார்வையாளர் கரோல் படத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். புது வேலைக்கு முன் செய்கிற வழிபாடு, வேலை அல்ல என்று வாதாடினேன். "கடவுளிடம் அனுமதி கேட்டிருக்கிறார், சரி" என்றார் கரோல். "ஆனால் கிடங்கு இடுப்பளவு ஆழத்துக்கு இருக்கிறதே." குழாய்க்கு மானியம் உண்டு, தாங்கிக்கு இல்லை என்று முடிவானது. அதைச் சொல்லவேண்டியவளும் நான்தான். மார்கழி பிறந்தால் நல்ல வேலை எதுவும் தொடங்கமாட்டார்கள் என்பதும், அதற்கு முந்திய கடைசி நல்ல நாள் அது என்பதும் அந்த மாடியில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குழாய் கிடைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, கொஞ்சம் இருமிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, உங்கடை கடிதம் தையிலை வந்தாலும் வரும், பங்குனியிலை வந்தாலும் வரும். மார்கழி சொன்ன நாளுக்கு வந்திடுமெல்லே?"

கோழிக்காரி

கென்டிலிருந்து ஒரு அம்மா. கூட்டில் அடைக்காமல் கோழிகளைத் திறந்த வெளியில் வளர்க்கிறவர். வயலில் மரம் நட்டால் கோழிக்கு நிழல், மண்ணுக்கும் நல்லது என்று மானியம் கேட்டு அழைத்தார். விபரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். "சின்னப் பிள்ளை இருக்கோ?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ. பிறகு என் வாய் நிற்கவில்லை. சத்தம், சப்பாத்து, கதவு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் அழைப்புகள் பதிவாகிறவை என்பதுகூட ஞாபகத்தில் இல்லை.

அவர் சிரிக்கவில்லை, நான் சொன்ன சத்தத்தைத் தன் தொண்டையால் செய்து காட்டினார். அதேதான். "பெட்டை நரி. குளிர்காலத்திலை சோடி தேடிக் கத்தும். சப்பாத்தும் அதின்ரை வேலைதான். மனுசர் மணக்கிற தோல் எண்டால் விடாது. எங்கடை வாசலிலையும் ஒற்றைச் சப்பாத்துத்தான் கிடக்கு." எனக்கு அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கொலைகாரன் ஒருவனோடு இத்தனை இரவு முழித்திருக்கிறேன், அது நரி.

"கதவு பூட்டுப்படுமோ?" என்று கேட்டார். வீட்டுக்காரரின் கடிதம் வரவேண்டும் என்றேன். எத்தனையோ விவசாயிகள் என்னிடம் இழுத்த பெருமூச்சை அவரும் இழுத்தார்: "பிள்ளை, பின்னேரம் கோழிக்கூட்டைச் சாத்த நான் ஒருத்தரிட்டையும் கேக்கிறதில்லை."

பின்கதவு

நரி என்று தெரிந்த பிறகு பயம் போய்விடும் என்று நினைத்தேன். போனது, இன்றைக்கு இரவுவரை. காற்று அடித்துக்கொண்டிருந்தது. மகளைக் கட்டிலில் கிடத்திவிட்டுப் பால் போத்தல் எடுக்கக் குசினிக்கு வந்தேன். பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. மகளை இருத்தி ஊட்டுகிற சாப்பாட்டுக் கதிரைக்குக் கீழே நரி நின்றது. அவள் பின்னேரம் சிந்திய பருப்புச் சோற்றை நக்கிக்கொண்டிருந்தது. மெலிந்த உடம்பு, சொறி பிடித்த வால். என்னைப் பார்த்தது, ஓடவில்லை. பிறகு தலையைத் திருப்பி, உள்ளே, மகள் படுத்திருந்த அறைப்பக்கம் பார்த்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. மேல்மாடியில் யாரோ எழும்பி நடக்கிற சத்தம் கேட்டது. நரி அவசரப்படாமல், வந்த வழியே, வாசலில் கிடந்த என் கணவரின் சப்பாத்தை மணந்துபார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனது.

லாச்சியை இழுத்தேன். தாழ்ப்பாளும் ஸ்க்ரூவும் அப்படியே கடதாசிப் பைக்குள் இருந்தன. மகளை எழுப்பி, அழ அழ, அதே சாப்பாட்டுக் கதிரையில் என் கண்ணுக்கு முன்னால் இருத்திக் கட்டினேன். ட்ரில் கிடையாது, கத்தி முனையால் ஓட்டை குடைந்து, கறி கிண்டுகிற கரண்டியால் ஸ்க்ரூவை அடித்து ஏற்றி, பிறகு ஸ்க்ரூ ட்ரைவரால் முறுக்கினேன். தாழ்ப்பாள் சரிவாக நிற்கிறது. கதவின் வெள்ளைப் பெயின்ட் உரிந்து நிலமெல்லாம் கொட்டியது. ஒருவர் தலையாட்டுவதற்காக நான் தூக்கிவைத்திருந்த கை, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கேளாமல் இறங்கிவிட்டது. இறங்கிய பிறகுதான் அது எவ்வளவு நொந்தது என்று தெரிகிறது.

கணவருக்குப் போன் எடுத்தேன். பின்னால் பாண் அடுப்புகள் இரைந்தன. விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது அவர் சிரிக்கவில்லை. தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் தயங்கி, "அண்ணையின்ரை கடிதம் வந்திட்டுதே?" என்றார். "வரேல்லை, தொடங்கிப்போட்டன்" என்றேன். அவர் சொன்னார்: "விடிய நான் வந்து தட்டுவன், நான்தான் எண்டு குரல் தந்தாப் பிறகு திறவும்."

மகள் என் மடியில் நித்திரையாகிவிட்டாள், சந்தில் நரி மறுபடி கத்தத் தொடங்கிவிட்டது, நானோ அனுமதிக் கடிதம் வருமுன்னரே வேலையைத் தொடங்கிய குற்றத்துக்காக எந்த மானியமும் கிடைக்க வழியில்லாத ஒரு கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.