ஒரு சாண் வால் விட்ட முடிச்சு

எதிர்வீட்டு பாக்கியம் அக்கா இன்று காலை போய்விட்டார்...

எங்கள் ஊர் ஓரிக்கையில் தறிச் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் அவர் வீடுதான். ஆனால் சேதி கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது என் கிணறு.

அறுபதுகளின் கடைசி. நெல் கதிர் விடுகிற நேரம், கிணற்றுச் சுவர் சரிந்து மோட்டார் உள்ளே விழுந்துவிட்டது. நாலு நாளில் தூக்காவிட்டால் பயிர் போச்சு.

மெட்ராஸ் ஹார்பரிலிருந்து ஒரு டைவர் வந்தார். முதுகில் காற்று சிலிண்டர், காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர்... டீக்கடைக்காரரே கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். டைவருக்குக் கடைசிவரை டீ கிடைக்கவில்லை! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கயிறு கட்டும் கூட்டாளிக்கு ஜுரமாம், தனியாகத்தான் வந்திருந்தார். இடுப்பில் கட்டும் நைலான் கயிறு எங்கள் கிணற்று ஆழத்துக்குப் பத்தவில்லை. நான் தடியான தென்னைநார்க் கயிற்றை அதோடு முடிந்தேன். இழுத்ததும் நைலான் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இத நம்பியா எறங்கணும்?" என்றார் டைவர்.

"தள்ளுடா. மெல்லிசும் தடிசும் நான் தெனம் முடியறேன்," என்று அக்கா வந்தார்.

"இது பட்டு நூல் இல்லக்கா, ஆள் உயிரு!"

"அதான் உன்ன தள்ளச் சொல்றேன்."

தடிக்கயிற்றை மடித்து, நைலானை அதற்குள் விட்டு, பின்னால் சுற்றி, நைலானின் அடியிலேயே செருகினார். அறுந்த இழைக்குத் தறியில் போடும் அதே முடிச்சு. போட்ட கையோடு கத்தியை எடுத்து, வெளியே நீண்ட மிச்ச நுனியை, அதாவது வாலை, ஒட்ட நறுக்கிவிட்டார்!

தறிக்காரர் கை அப்படி. வால் நீண்டால் சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் சிக்கி, பக்கத்து இழையும் அறுந்துவிடும். எங்கள் ஆட்டைக் கட்டினால்கூட நறுக்குவார்... கயிற்று வாலைத்தான்.

இழுத்துப் பார்த்தோம். நழுவிவிட்டது.

அக்கா முகம் ஒரு நொடி சுருங்கியது. "நறுக்குனது தப்பு. இது வழுக்குது... வால் வேணும்."

இந்த முறை இரண்டு சுற்று. ஒரு சாண் வால். ஆறு பேர் பிடித்துத் தொங்கினோம். அசையவில்லை.

மோட்டாரில் மாட்டுவதற்கான சங்கிலியோடு டைவர் இறங்கினார். மூன்று தடவை கயிறு ஆடினால் தூக்க வேண்டும். ஆடியது... இழுத்தோம். வரவில்லை! அவர் கால் சேற்றில் மாட்டிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது.

முடிச்சு நழுவிவிடுமோ என்று நான் இழுப்பதை நிறுத்தினேன்.

"இழுடா! முடிச்சு நிக்கும், நான் சொல்றேன்!" என்று அக்கா கத்தினார்.

இழுத்தோம்... வந்தார்! முடிச்சில் வால் அதே ஒரு சாண். பிறகு சங்கிலியைப் பிடித்து இழுக்க, மோட்டாரும் வந்தது. ஊரே விசில்.

"எங்க கயித்துக்காரரும் இதே முடிச்சுதான் போடுவாரு. நீ எங்கக்கா கத்துக்கின?" என்றார் டைவர்.

"தறியில. அவரு என்னாண்ட எப்போ கத்துக்கினாருன்னு கேட்டுக்கினு வா!"

அந்த வருஷ அறுவடையின் முதல் மூட்டை நெல் அக்கா வீட்டுக்குத்தான் போனது.

இன்று பாடை கட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "வால ஒட்ட நறுக்காதீங்கப்பா... ஒரு சாண் வுடுங்க."

நிக்குதுக்கா. போய்ட்டு வா.