நாலு நம்பர் அண்ணனின் இடமாற்றத் தாள்

எங்கள் அலுவலகத்துக்கு வந்த புது மெஷினைப் பற்றிய அந்தச் செய்தியை எனக்குச் சொன்னது ரிசப்ஷன் அக்கா. அக்காவுக்கு ஓட்டுநர் சொன்னாராம். ஓட்டுநருக்கு அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று யாரும் விசாரிக்கவில்லை. மச்சான் வரைக்கும் போனதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"நகல், பிரிண்ட், ஸ்கேன், ஃபேக்ஸ், நாலும் இதுவே செய்யுதுல்ல? அதோட, யார் என்னத்தை எடுத்தாங்கன்னு பேரு போட்டு, தினம் சாயங்காலம் தலைமை அலுவலகத்துக்குத் தானாவே ஃபேக்ஸ் அனுப்பிடுதாம்."

"எத்தனை பக்கம்னு மட்டுமா, என்ன பக்கம்னுமா அக்கா?"

"எழுத்து எழுத்தா."

அன்று காலையில்தான் என் குடியிருப்பு அனுமதித் தாளை ஏழு நகல் எடுத்திருந்தேன். பிழைக்க வந்த நாட்டில் எதற்கும் கைவசம் இருக்கட்டும் என்று எடுத்ததுதான். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏழும் என் பையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன்.

நாங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். அந்த மெஷினை எங்கள் கிளையில் நிறுவியவர் உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர். கிடங்குக்கும் மெஷினுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பிளக் வைத்த பொருள் எது வந்தாலும் அது அவர் தலையில்தான் விழும். ஆளுக்கு ஒரு நாலு இலக்க எண் வேண்டும், அதை அழுத்தினால்தான் மெஷின் வேலை செய்யும் என்று மேலிடம் உத்தரவு போட்டதும், அவர் மேசை மேசையாகப் போனார்.

"பிறந்த தேதி வேண்டாம். வண்டி நம்பர் வேண்டாம். ஒண்ணு ரெண்டு மூணு நாலு வேண்டவே வேண்டாம்."

"அப்புறம் வேற என்ன நம்பர்தான்யா மிச்சம் இருக்கு?" என்றார் கணக்கர்.

நாங்கள் எண்ணை அழுத்தும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பட்டியல் எதுவும் எழுதி வைக்கவில்லை. "அடுத்தவங்க நம்பர் நம்மகிட்ட இருக்கறது, அடுத்தவங்க பல்செட்டு நம்ம பாக்கெட்ல இருக்கற மாதிரி" என்பார். அந்த வாரத்திலிருந்து அவர் எங்களுக்கு நாலு நம்பர் அண்ணன்.

வதந்தி பரவிய பிறகு ஒருவரும் சொந்த எண்ணைத் தொடவில்லை. "அண்ணே, உங்க நம்பரைக் கொஞ்சம் குடுங்களேன், அவசரம்" என்று கேட்பார்கள். அவர் கொடுத்துவிடுவார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அக்காவின் தங்கை மகளுக்கு வாய்ப்பாடு, கணக்கர் கட்டப்போகும் வீட்டின் வரைபடம் (ஒவ்வொரு வாரமும் ஓர் அறை கூடும்), என்னுடைய அனுமதித் தாள், எல்லாமே அண்ணன் பெயரில் வெளியே வந்தன.

அண்ணனுக்கு இருந்த ஒரே குறை அண்ணி வேறு ஊரில் இருந்தது. அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையில் அண்ணிக்கு வேலை. பஸ்ஸில் ஆறு மணி நேரம். மூன்று வருடமாக மதியம் இருவரும் ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். பேச்சு அதிகம் இருக்காது. மெல்லும் சத்தம் மட்டும் கேட்கும். திடீரென்று அண்ணன், "வெள்ளரிக்காயா இன்னைக்கு?" என்பார். அந்தப் பக்கம், "ஆமா, ஏன் நீங்க எதுவும் கடிக்கவே இல்ல?" என்று குரல் வரும்.

அந்தக் கிளையின் கிடங்கில் இடம் காலியானது. மேலாளரின் கையெழுத்தோடு விண்ணப்பம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தலைமை அலுவலகம் போய்ச் சேர வேண்டும். அதுவும் ஃபேக்ஸில்தான். மெயிலில் போனால் கையெழுத்து உயிரோடு போய்ச் சேராது என்பது அவர்கள் நம்பிக்கை. நாலு மணி தாண்டினால் இடம் வேறொருவருக்கு. மேலாளர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தான் கையில் கிடைத்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்.

அண்ணன் மெஷினில் தன் எண்ணை அழுத்தினார். 'உங்கள் மாதப் பக்க வரம்பு முடிந்தது' என்றது திரை.

"முந்நூறு பக்கம்! நான் மூணு பக்கம் எடுத்திருப்பேன் தம்பி!"

அலுவலகத்தில் ஒரு தலை நிமிரவில்லை. அக்கா படபடவென்று தட்டச்சு செய்தார். அவர் கணினி அணைந்திருந்தது.

"வரம்பைக் கூட்ட முடியாதா அண்ணே?" என்றேன்.

"முடியும். கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தைத் தலைமை அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் பண்ணணும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா ஓடிவந்து தன் எண்ணை அழுத்தினார். தப்பு. மறுபடியும் தப்பு. மூன்றாவதோடு மெஷின் அவர் பெயரைப் பூட்டிவிட்டது. கணக்கர் எழுந்தார். "எல்லாரும் திரும்பிக்கோங்க." நாங்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றோம். நாலு சின்ன பீப், ஒரு நீளமான பீப்.

"மறந்து போச்சுய்யா. வந்ததுலேருந்து ஒரு தடவையாவது போட்டிருந்தாத்தானே?"

என் எண் எனக்கு நினைவிருந்தது. நினைவு போய்விட்டால் என்ன செய்வது என்று மூன்று இடத்தில் எழுதியும் வைத்திருந்தேன்: ஃபோனில் 'சித்தப்பா' என்ற பெயரில், நாட்குறிப்பின் பின்னட்டையில், ஒரு சீட்டில் எழுதி இடது காலணிக்குள். ஆனாலும் என் பெயரில் ஒரு தாள் தலைமை அலுவலகம் போவதை நினைத்துக் கையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அண்ணன் என்னைக் கேட்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. நான் அழுத்தினேன். மெஷின் ஏற்றுக்கொண்டது.

"தம்பி, நீ நல்லா இருப்ப!" என்று சொல்லிவிட்டு, அண்ணன் மெஷினின் முகவரிப் பட்டியலில் தலைமை அலுவலகத்தைத் தொட்டார். மணி அடித்தது. ஒரு பெண் குரல் "ஹலோ?" என்றது. மெஷின் பதிலுக்குக் கீச்சென்று கத்தியது. தொடர்பு அறுந்தது. மூன்று நிமிடம் கழித்து மெஷின் தானாகவே மறுபடி கூப்பிட்டது. "ஹலோ, யாரு?" கீச்.

அடுத்த நிமிடம் ரிசப்ஷன் ஃபோன் அடித்தது.

"யாருங்க அது, எடுத்தா ஊளையிடறது?" என்று அந்தம்மா கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "தூங்கற மனுஷியை எழுப்பி விசிலடிக்கிறீங்க, வெக்கமா இல்ல?"

எங்கள் அலுவலகத்தில் வெளி அழைப்புக்கு முதலில் பூஜ்யம் போட வேண்டும். அண்ணன் பட்டியலில் எண்களைப் பூஜ்யத்தோடு சேர்த்தே பதிந்திருந்தார். அப்புறம் வேறொரு நாள், மெஷினே பூஜ்யம் சேர்த்துக்கொள்ளும்படி அமைத்தும் இருந்தார். இரண்டு பூஜ்யமாகி அழைப்பு ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது. அதுவரை யாரும் ஃபேக்ஸ் அனுப்பாததால் இது தெரியவில்லை.

"அப்ப மெஷின் தினம் சாயங்காலம் நம்மளப் பத்தி அனுப்பறதெல்லாம் இந்தம்மாவுக்கா போகுது?" என்றார் கணக்கர், முதல்முறையாக நிம்மதியோடு.

அக்கா அந்தம்மாவைச் சமாதானப்படுத்த, அண்ணன் பழைய அழைப்பை ரத்து செய்து, எண்ணைக் கையாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுத்தினார். தாள் உள்ளே போனது. மூன்று ஐம்பதுக்குச் சீட்டு வந்தது: ஒரு பக்கம், அனுப்பப்பட்டது.

கணக்கர் கைதட்டினார். அண்ணன் தாளை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"தம்பி, நான் இதை எழுத்து மேல தெரியற மாதிரி வச்சேனா, கீழ இருக்கற மாதிரி வச்சேனா?"

பழைய மெஷினுக்கு எழுத்து கீழே இருக்க வேண்டும். புதியதற்கு மேலே. மாற்றி வைத்திருந்தால் வெறும் தாள்தான் போயிருக்கும். அவர் எப்படி வைத்தார் என்று எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. போன பக்கத்தின் சின்னப் படம் சீட்டிலேயே வரும். மை வீணாகிறது என்று அதை நிறுத்தி வைத்தவரும் அண்ணன்தான்.

மறுபடி அனுப்பினோம். பிஸி. நாலு மணி நெருங்கவும் எல்லாக் கிளைகளும் ஒரே நேரத்தில் முண்டியடிக்கின்றன போலும். மறுபடி. பிஸி. நாலு அடித்ததும் அந்தப் பக்கம் மெஷினையே அணைத்துவிட்டார்கள்.

"போன தாள்ல எழுத்து இருக்கான்னு கேட்டுட்டாப் போச்சு" என்று அண்ணன் தலைமை அலுவலகத்தின் பணியாளர் பிரிவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடித்தது. நாங்கள் மேசையைச் சுற்றி நின்றோம்.

"எடுப்பாங்க. வெள்ளிக்கிழமை, இருக்கற இடத்துலேருந்து நடந்து வரணும்ல" என்றார் அக்கா.

"இத்தனை நேரமா நடக்கறாங்க? அங்க லிஃப்ட் இல்லியா?" என்றார் கணக்கர்.

அண்ணனின் உதடுகள் அசைந்தன. அடிக்கும் மணிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. "பதினாறு" என்றார், சத்தமாக. கணக்கர் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தார். அவர் உட்காரவில்லை.

"பதினேழு."